அத்தியாயம் 4: முதலில் சிவப்பு

நம் ஊர் கணினி ஆய்வகங்களில் ஒரு நிரல் முடிந்தது என்பதற்கு ஒரே அடையாளம்தான் உண்டு: திரையில் அவுட்புட் வந்துவிட்டது. ஓர் எண்ணைக் கொடுக்கிறோம், விடை வருகிறது, அதை ரெக்கார்டு நோட்டில் ஏற்றி சாரிடமோ மேடத்திடமோ கையெழுத்து வாங்குகிறோம். வேறு எண்ணைக் கொடுத்தால் அதே நிரல் என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் செய்முறைத் தேர்வுக்கு வரும் வெளித் தேர்வாளர். அவர் கேட்கும்போது நிரலைத் திருத்த நேரம் இருக்காது.

இந்த அத்தியாயத்திலிருந்து அந்தக் கேள்வியை நீங்களே கேட்கப் போகிறீர்கள், அதுவும் நிரலை எழுதுவதற்கு முன்பே. "இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்" என்று கணினியே சரிபார்க்கும்படி ஒரு கோப்பில் எழுதி வைப்பதுதான் சோதனை. எழுதியதும் ஓட்டிப் பாருங்கள். நிரல் இன்னும் இல்லாததால் சோதனை தோற்கும், திரையில் சிவப்பு வரும். அந்தச் சோதனை தேறும் அளவுக்கு மட்டும் நிரல் எழுதுங்கள், பச்சை வரும். பிறகு எழுதியதைச் சுத்தப்படுத்துங்கள். சிவப்பு, பச்சை, சீரமைப்பு என்ற இந்தச் சுற்றைப் பரவலாக்கியவர் கென்ட் பெக். 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்துகொண்டிருந்தபோது அவரும் எரிக் காமாவும் விமானத்தில் உட்கார்ந்தபடி ஜாவா மொழிக்கு எழுதிய ஜேயூனிட் என்ற கருவிதான் இன்று பல மொழிகளில் உள்ள சோதனைக் கருவிகளுக்கு முன்னோடி. 2002-இல் இந்த முறையை விளக்கி அவர் எழுதிய புத்தகம் ஒரே ஒரு பெருக்கல் சோதனையில் தொடங்குகிறது. நாமும் அவ்வளவு சிறிதாகவே தொடங்குவோம்.

இந்த அத்தியாயத்தில் நிரல் வரிகள் அச்சிடப்படவில்லை. வேண்டுமென்றே விட்டதுதான். அச்சில் இருந்தால் பார்த்து அடிக்கத் தோன்றும். ஃபங்ஷன் எழுதவும் நிபந்தனை போடவும் தெரிந்த உங்களுக்கு அது தேவைப்படாது.

கருவி உண்மையாகவே ஓடுகிறதா?

பைத்தானில் சோதனை எழுத ஒரே ஒரு புதுச் சொல் போதும்: அசெர்ட். அதன் பின்னால் ஓர் ஒப்பீட்டை எழுத வேண்டும். ஒப்பீடு சரியாக இருந்தால் பைத்தான் வாய் திறக்காது. தவறாக இருந்தால் அந்த வரியிலேயே நின்று முறையிடும். இந்த முறையீடுகளைத் திரட்டி, படிக்கும்படி காட்டுவதற்குத்தான் பைட்டெஸ்ட் என்ற கருவி. பைத்தானின் நிறுவு கருவியான பிப் வழியாக அதை நிறுவிக்கொள்ளலாம். ஆய்வகக் கணினியில் நிறுவ அனுமதி இல்லையென்றால் பைத்தானோடு சேர்ந்தே வரும் யூனிட்டெஸ்ட் இருக்கிறது. அதில் எழுத வேண்டியது சற்று நீளம், ஆனால் கொள்கை இதுவேதான்.

டெர்மினலில் பைட்டெஸ்ட் என்று மட்டும் அடித்து "அப்படியொரு கட்டளை இல்லை" என்று வந்தால் பதற வேண்டாம். முதலில் பைத்தான் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஹைஃபனும் எம் என்ற எழுத்தும் சேர்த்து, அதன் பின் பைட்டெஸ்ட் என்று அடியுங்கள். பெரும்பாலும் ஓடிவிடும். இப்படி ஓட்டினால் நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலுள்ள உங்கள் நிரல் கோப்புகளையும் பைத்தான் தானாகவே கண்டுகொள்ளும்.

உங்கள் முதல் சோதனை அப்பட்டமான பொய்யாக இருக்கட்டும்: ஒன்றும் ஒன்றும் மூன்று. ஓட்டுங்கள். சிவப்பு வந்தால் கருவி உங்கள் கோப்பைப் படிக்கிறது என்று பொருள். மூன்றை இரண்டாக்கி மறுபடி ஓட்டுங்கள், பச்சை வரும். வகுப்பில் பலர் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று தாண்டிவிடுவார்கள். அவர்களில் சிலர் அரை மணி நேரம் கழித்து, ஓடவே ஓடாத சோதனைகளை வைத்துக்கொண்டு "எரர் எதுவும் வரலையே சார்" என்பார்கள். எரர் வராது, ஏனென்றால் பைட்டெஸ்ட் அந்தக் கோப்பைத் திறக்கவே இல்லை. கோப்பின் பெயர் டெஸ்ட் என்ற சொல்லும் அடிக்கோடுமாகத் தொடங்க வேண்டும், அல்லது அடிக்கோடும் டெஸ்ட்டுமாக முடிய வேண்டும். வெறுமனே டெஸ்ட் என்று மட்டும் பெயர் வைத்த கோப்பை அது சேர்த்துக்கொள்ளாது. உள்ளே எழுதும் ஃபங்ஷனின் பெயரும் டெஸ்ட் என்றுதான் தொடங்க வேண்டும். ஆகவே ஓட்டியவுடன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணிக்கையைப் பாருங்கள். எத்தனை சோதனைகளைத் திரட்டினேன் என்று மேலேயே சொல்லியிருக்கும். அங்கே 0 என்று இருந்தால் தப்பு பெயரில்தான்.

டெஸ்ட் என்ற முன்னொட்டுக்குப் பிறகு பெயரின் மீதியைத் தமிழிலேயே வைக்கலாம். 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் இது செல்லும். "1900_லீப்_ஆண்டு_அல்ல" என்று பெயர் வைத்த சோதனை தோற்கும்போது எது உடைந்தது என்று பெயரே சொல்லிவிடும். டெஸ்ட்1, டெஸ்ட்2 என்று வைத்தால் ஒவ்வொரு முறையும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

லீப் ஆண்டு: நான்கு சோதனைகள்

ஓர் ஆண்டைக் கொடுத்தால் அது லீப் ஆண்டா இல்லையா என்று சொல்லும் ஃபங்ஷன்தான் நம் முதல் பயிற்சி. விதி உங்களுக்குத் தெரியும், ஆனால் அதை முழுசாக எழுதிவிடாதீர்கள். முதல் சோதனை மட்டும்: 2023-ஐக் கொடுத்தால் 'பொய்' என்று வர வேண்டும்.

ஓட்டினால் சிவப்பு வரும், ஆனால் காரணம் வேறு. அப்படியொரு ஃபங்ஷனே இல்லை என்கிறது செய்தி. சோதனை தோற்பது ஒன்று, சோதனையை ஓட்டவே முடியாமல் போவது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழகுங்கள். உள்ளே ஒன்றும் இல்லாத ஃபங்ஷன் ஒன்றை எழுதிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். 'பொய்' எதிர்பார்த்தேன், 'நன்' வந்தது என்று இப்போது சொல்லும். எதையும் திருப்பித் தராத ஃபங்ஷன் பைத்தானில் 'நன்' என்பதைத் தருகிறது. செய்தியில் ஈ என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் வரிகளில்தான் விஷயம் இருக்கும், மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேர்வதற்கான வழி.

இங்கே ஒரு நுணுக்கம். "லீப் அல்ல" என்பதைச் சோதிக்க, வருவதைப் பொய்யோடு ஒப்பிடாமல், அசெர்ட்டுக்குப் பிறகு 'நாட்' என்ற சொல்லைப் போட்டுச் சுருக்கமாக எழுதிவிடுவோம். அப்போது 'நன்'னையும் பைத்தான் பொய்க்குச் சமமாக எடுத்துக்கொள்ளும், உள்ளே ஒன்றுமே இல்லாத ஃபங்ஷன் பச்சை வாங்கிவிடும். சிவப்பைப் பார்க்காமல் எழுதிய சோதனையை நம்ப வேண்டாம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். என்றுமே தோற்க முடியாத சோதனையும் பச்சையாகத்தான் இருக்கும்.

சரி, 2023 சோதனை தேற என்ன எழுத வேண்டும்? எந்த ஆண்டைக் கொடுத்தாலும் பொய் என்று திருப்பி அனுப்பும் ஒரு வரி. பச்சை. இதை எழுத மாணவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், ஏமாற்றுவதுபோல் தோன்றும். ஏமாற்றுதான். ஆனால் அதைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டியது அடுத்த சோதனையின் வேலை, அந்தச் சோதனையை எழுதப் போவதும் நீங்கள்தான். 2024 'மெய்' என்று இரண்டாவது சோதனையை எழுதுங்கள். ஒற்றை வரி ஏமாற்று உடைந்துவிடும். 4-ஆல் வகுத்தால் மீதி 0 வருகிறதா என்று பார்க்கும் வரி வரும். இரண்டும் பச்சை.

வழக்கமான ஆய்வக வகுப்பு இந்த இடத்தில் முடிந்துவிடும். நீங்கள் பிறந்த ஆண்டு, நடப்பு ஆண்டு, சென்ற ஒலிம்பிக் ஆண்டு என்று எதைக் கொடுத்தாலும் விடை சரியாகவே வரும். 1901 முதல் 2099 வரை நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டுதான், விதிவிலக்கே கிடையாது. அவுட்புட்டைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பவருக்கு இந்த நிரலில் உள்ள ஓட்டை வாழ்நாளிலும் தெரியாது.

ஆகவே மூன்றாவது சோதனை 1900. பொய் வர வேண்டும், மெய் வருகிறது. இந்தச் சிவப்பு கற்பனையில் மட்டும் வருவதல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய கணக்குத்தாள் மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் எக்செல் அந்தத் தவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. எக்செல்லின் வழக்கமான தேதி அமைப்பில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்றிப் பாருங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படியொரு நாள் வந்ததே இல்லை.

100-ஆல் வகுபடும் ஆண்டுகளை ஒதுக்கினால் மூன்றும் பச்சையாகும். நான்காவது சோதனை 2000, மெய் வர வேண்டும். மறுபடி சிவப்பு. 400-ஆல் வகுபட்டால் மட்டும் சேர்த்துக்கொள். நான்கும் பச்சை. இப்போது நிரலைப் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று நிபந்தனைகள் தொங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஒரே வரியாகச் சுருக்கலாம், பெயர்களை மாற்றலாம். நான்கு சோதனைகளும் காவலுக்கு நிற்பதால் துணிந்து மாற்றலாம். ஒரு நிபந்தனையை இடம் மாற்றிப் போட்டால் அடுத்த நொடி தெரிந்துவிடும். சீரமைப்பு என்பது இதுதான். சிவப்பு நிற்கும்போது அதைச் செய்யக் கூடாது என்பது மட்டும் விதி.

கெட்டிக்கார மாணவி ஒருத்தி கட்டாயம் கேட்பாள்: 1500 என்ன? நம் நிரல் அல்ல என்கிறது. ஆனால் கிரெகோரியன் நாட்காட்டி 1582-இல்தான் வந்தது. அதற்கு முன்பிருந்த ஜூலியன் முறையில் 1500 லீப் ஆண்டு. பிரிட்டனும் அதன் ஆட்சிப் பகுதிகளும் 1752 வரை பழைய முறையிலேயே இருந்தன. பைத்தானோடு வரும் நாட்காட்டி நிரலோ கிரெகோரியன் விதியைப் பழைய ஆண்டுகளுக்கும் நீட்டிக்கொள்கிறது. இரண்டு முடிவுகளையும் நியாயப்படுத்தலாம். 1500-க்கு ஒரு சோதனை எழுதிவிட்டால் நீங்கள் எந்தப் பக்கம் என்பது எழுத்தில் வந்துவிடும், பின்னால் படிப்பவர் உங்களைத் தேடி வந்து கேட்க வேண்டியதில்லை.

பிரின்ட்டும் இன்புட்டும்

அவுட்புட் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் முதல் வாரத்தில் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்வார்கள்.

ஒன்று, விடையைத் திருப்பித் தராமல் பிரின்ட் செய்வது. திரையில் மெய் என்று கண்ணுக்குத் தெரிகிறது, சோதனையோ 'நன்' வந்ததாகச் சொல்கிறது. "கண்ணுக்கு முன்னாடியே வருதே மேடம்" என்று வாதாடுவார்கள். பைட்டெஸ்ட் பொய் சொல்லவில்லை. பிரின்ட் மனிதர் படிப்பதற்காகத் திரைக்கு அனுப்புகிறது, ரிட்டர்ன் அந்த ஃபங்ஷனை அழைத்த இடத்துக்கு அனுப்புகிறது. சோதனை அழைத்த இடத்தில் நிற்கிறது, திரையைப் பார்ப்பதில்லை. தோற்ற சோதனையின் கீழே, "பிடித்துவைத்த வெளியீடு" என்று பொருள்படும் தலைப்பில், நீங்கள் பிரின்ட் செய்தது கிடக்கும். அதைக் காட்டி விளக்கினால் பல நாள் பாடம் ஒரே நிமிடத்தில் புரியும்.

இரண்டாவது, ஃபங்ஷனுக்குள்ளேயே இன்புட் கேட்பது. பைட்டெஸ்ட் ஓடும்போது விசைப்பலகையிலிருந்து படிக்க விடாது, உடனே எரர் தரும். ஹைஃபன் எஸ் சேர்த்து ஓட்டிப் பார் என்று அந்தச் செய்தியே ஆலோசனையும் சொல்லும். அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் யாராவது உட்கார்ந்து எண்ணை அடித்துக்கொண்டிருந்தால் அது சோதனையே அல்ல. இன்புட்டை ஃபங்ஷனுக்கு வெளியே தள்ளுங்கள், மதிப்பை அடைப்புக்குறி வழியாக உள்ளே அனுப்புங்கள். இன்புட் வரி கோப்பின் மேல்மட்டத்தில் நின்றால், சோதனைக் கோப்பு உங்கள் நிரலை இறக்குமதி செய்யும்போதே உடைந்துவிடும். நேரடியாக ஓட்டினால் மட்டும் இயங்கும் பகுதிக்குள் அதை வையுங்கள்.

கேட்பது, கணக்கிடுவது, காட்டுவது மூன்றும் தனித்தனி வேலைகள் என்று வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். இந்த இரண்டு எரர்களையும் தாண்டி வந்தவர்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். என் கணிப்பில் சோதனைவழிப் பயிற்சியின் பெரிய லாபம் பிழை பிடிப்பதைவிட இதுதான்.

தமிழில் எத்தனை எழுத்து?

இரண்டாவது பயிற்சிக்கு வாருங்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதிலுள்ள எழுத்துகளை எண்ணிச் சொல்ல வேண்டும். பைத்தானில் நீளம் காணும் ஃபங்ஷன் தயாராகவே இருக்கிறதே, இதில் என்ன பயிற்சி என்று தோன்றும். வெற்றுச் சொல்லுக்கு 0, 'அ' என்றால் 1. இரண்டு சோதனைகளும் அந்த ஃபங்ஷனாலேயே தேறும். மூன்றாவதாக 'தமிழ்' என்ற சொல்லுக்கு 3 என்று எழுதுங்கள்.

5 வந்தது என்று சிவப்பு காட்டும். யூனிகோடு தமிழை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகளாக வைத்திருக்கிறது. கணினி எண்ணியது குறியீடுகளை, நாம் எண்ணுவது எழுத்துகளை. இதைக் கண்டதும் சிலர் புள்ளியை மட்டும் கழிக்கும் வரியை எழுதுவார்கள். 4 வரும், இன்னும் சிவப்பு. 'படம்' என்ற சொல்லை முதலில் எடுத்திருந்தால் அந்த அரைகுறைத் தீர்வு பச்சை வாங்கியிருக்கும். எந்த உதாரணத்தை எடுக்கிறோம் என்பதில்தான் சோதனை எழுதுபவரின் திறமை தெரியும். கடைசியில் புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோட்டில் தனி வகை என்று தெரிந்துகொண்டு, அந்த வகையை எண்ணாமல் விடும் நிரலுக்கு வருவீர்கள். ஒவ்வொரு குறியீடும் எந்த வகை என்று சொல்லும் வசதி பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுப்பில் இருக்கிறது.

அதன் பிறகுதான் சுவாரசியமான சோதனைகள். 'க்ஷ' ஒன்றா இரண்டா? 'ஸ்ரீ'? உங்கள் நிரல் இரண்டு என்கிறது, தமிழாசிரியர் ஒன்று என்பார். ஔவையின் முதல் எழுத்தைச் சிலர் ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, எண்ணிக்கை ஒன்று கூடும். 'கொ' என்பதை ககரமும் ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம், ககரமும் எகரக் குறியும் காலுமாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றேயான இரண்டு சொற்களை ஒப்பிட்டால் பைத்தான் வேறு என்று சொல்லும். இவற்றில் எதை ஏற்பது என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்து சோதனையாக எழுதுங்கள். இந்த வேலையை முழுமையாகச் செய்யும் ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற தொகுப்பு இருக்கிறது. உங்கள் சோதனைகளை அதன்மேல் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் உங்கள் நிரல் பச்சையான பிறகு.

ஒரு கணினிக்கு இரண்டு பேர்

பெரும்பாலான ஆய்வகங்களில் ஒரு கணினிக்கு இரண்டு பேர் உட்கார வேண்டியிருக்கிறது. சாதாரண வகுப்பில் ஒருவர் அடிப்பார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார். இங்கே ஒருவர் ஒரு சோதனை எழுதட்டும், விசைப்பலகை கைமாறட்டும், அடுத்தவர் அதைத் தேற வைத்துவிட்டு அடுத்த சோதனையை எழுதித் திருப்பித் தரட்டும். நண்பனின் நிரலை உடைக்கும் உதாரணத்தைத் தேடுவதில் மாணவர்கள் காட்டும் ஊக்கத்தை வேறு எந்தப் பயிற்சியிலும் பார்க்க முடியாது.

தனியாகப் பழக எக்சர்சிசம் தளம் நல்லது. கத்ரினா ஓவன் 2013-இல் தொடங்கிய இத்தளத்தில் சோதனைகள் தயாராகவே இருக்கும், நாம் நிரலை மட்டும் எழுத வேண்டும். லீப் ஆண்டுப் பயிற்சி அங்கேயும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட், ரூபி போன்ற மொழிகளில் முதல் சோதனையைத் தவிர மற்றவற்றை நிறுத்தி வைத்திருப்பார்கள். ஒன்று பச்சையானதும் அடுத்ததை நாமே திறந்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திறந்து இருபது சிவப்பைப் பார்த்து மலைப்பவர்களுக்கு இதுவே மருந்து. பைட்டெஸ்டில் ஹைஃபன் எக்ஸ் சேர்த்து ஓட்டினால் முதல் தோல்வியோடு நின்றுவிடும், பலன் ஏறக்குறைய அதுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தரும் சோதனைகளில் உள்ள எண்களை அப்படியே நிபந்தனைகளாக எழுதிப் பச்சை வாங்குபவர்கள் வருவார்கள். கோபப்பட வேண்டாம். வெளியே காட்டாத நான்கைந்து சோதனைகளைக் கைவசம் வைத்திருங்கள். அதைவிட நல்லது, மதிப்பெண்ணில் ஒரு பகுதியை மாணவர் எழுதிய சோதனைகளுக்கே தருவது. தவறு புதைத்த நிரல் ஒன்றைக் கொடுத்து, அதைச் சிவப்பாக்கும் சோதனையை எழுதச் சொல்லுங்கள். யார் யோசிக்கிறார்கள் என்று உடனே தெரியும்.

பச்சை வந்த ஒவ்வொரு தடவையும் நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் பதிந்து வையுங்கள். தனியாக வேலை செய்து நாளை முடிக்கும்போது மட்டும், அடுத்து எழுத வேண்டியதற்கு ஒரு சோதனையை எழுதி, தோற்ற நிலையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகலாம் என்பது கென்ட் பெக்கின் ஆலோசனை. மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டாம். குழுவாகச் செய்யும்போது இதைச் செய்யாதீர்கள், அடுத்தவர் உங்களைத் திட்டுவார்.

இன்னொரு எச்சரிக்கை: தசம எண்களில் பணக்கணக்கு போட்டால், 0.1-உம் 0.2-உம் சேர்ந்த கூட்டுத்தொகை 0.3-க்குச் சமமல்ல என்று சிவப்பு வரும். அது உங்கள் பிழையல்ல, கணினி பின்னங்களை இரும எண்ணில் வைக்கும் முறை அது. தோராய ஒப்பீட்டுக்குப் பைட்டெஸ்டில் வசதி உண்டு. பணத்தைப் பைசாவாக மாற்றி முழு எண்ணில் வைப்பது அதைவிட மேல்.

வீட்டுப் பயிற்சி

1 முதல் 9999 வரை ஓர் எண்ணைக் கொடுத்தால் அதைத் தமிழ்ச் சொல்லாக எழுதித் தரும் ஃபங்ஷன். 1-இல் தொடங்குங்கள், பிறகு 2, பிறகு 10. மூன்றுக்கும் ஒரு பட்டியல் போதும். 11-க்குப் பதினொன்று, 12-க்குப் பன்னிரண்டு என்று எழுதும்போது பத்தோடு ஒன்றை ஒட்டினால் போதும் என்ற எண்ணம் போய்விடும். 20 இருபது, 21 இருபத்தொன்று. 100 நூறு, 101 நூற்றொன்று. 300-க்கு முந்நூறு என்று சோதனையில் எழுதிவைத்தால் முன்னூறு என்று தரும் நிரல் அங்கேயே மாட்டிக்கொள்ளும். 90, 900, 9000 மூன்றுக்கும் அடுத்தடுத்து சோதனை எழுதுங்கள்: தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம். முதல் இரண்டைப் பார்த்து ஒரு பொதுவிதி எழுதியிருந்தால் மூன்றாவது அதை உடைக்கும். 1000 ஆயிரம், 1001 ஆயிரத்தொன்று. முடிந்தவர்கள் 0-ஐச் சேர்க்கலாம். தனியாக வந்தால் பூஜ்ஜியம் என்று சொல்ல வேண்டும், 40-இன் கடைசியில் வந்தால் சொல்லக் கூடாது. அதற்கு ஒரு சோதனை போதாது, இரண்டு வேண்டும்.